மாதத்துக்கு இருபது விருத்தம்: கிறிஸ்தவ எழுத்தாளரும் பின்தங்கும் பயமும்

சென்னையில் எழுதுகிற கிறிஸ்தவர்களுக்கு ஜனவரி பொல்லாத மாதம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே கைப்பேசி அதிரத் தொடங்கிவிடும். ஒருவர் புத்தாண்டுப் பாடலை வெளியிட்டிருப்பார். இன்னொருவர் தன் தினதியான நூலின் அட்டையை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். மூன்றாமவரின் வாக்குத்தத்தச் செய்தியை விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் நந்தனத்தில் புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கிய அந்தத் திருவிழாவை ஒட்டி நகரமெங்கும் வெளியீட்டு விழாக்கள், பொன்னாடைகள், கையெழுத்துப் போடும் படங்கள், இரண்டாம் பதிப்பு அறிவிப்புகள்.

நான் இருக்கும் வடசென்னை மாத்தூரிலிருந்து பார்த்தால் நந்தனம் நகரத்தின் மறுகோடி. 2011இல்தான் எங்கள் ஊர் மாநகராட்சியோடு சேர்ந்தது, அதுவரை ஊராட்சி. 1969இல் ஓடத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதைச் சுற்றி வந்த உர ஆலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள், துறைமுகத்துக்குப் போக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (எம்.எம்.டி.ஏ.) மனைகளில் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள், நடுநடுவே சிறுசிறு ஜெப வீடுகள். இங்கே எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஷிப்ட் முடித்து எழுதுகிறவர்கள். பள்ளி ஆசிரியைகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஞாயிறுபள்ளி நடத்துகிறவர்கள், ஒன்றிரண்டு போதகர்கள். அவர்களில் நானும் ஒருவன். எங்களுக்குள் பேசும்போது அடிக்கடி வந்து விழும் பேச்சு ஒன்று உண்டு: “எல்லாரும் எங்கேயோ போயிட்டாங்க, நாம மட்டும் இங்கேயே நிக்கிறோம்.”

இந்த உணர்வை உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பத்துக் கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். தான் இல்லாத இடத்தில் மற்றவர்கள் நல்லது எதையோ அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஓயாத அச்சமே அவர்கள் அளக்க முயன்றது. சமூக ஊடகங்களில் மூழ்கிக் கிடப்பதற்கும் அந்த அச்சத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எல்லாரும் எதிர்பார்த்த முடிவு. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. தன் வேலையைத் தான் நன்றாகச் செய்கிறோம் என்ற நிறைவு, தன் விருப்பப்படி நடக்கிறோம் என்ற உணர்வு, தன்னை அறிந்த மனிதர்களோடு உறவு, இந்த மூன்றும் குறைந்தவர்களிடம் அந்த அச்சம் மிகுந்திருந்தது. பசி முன்பே இருக்கிறது, கைப்பேசி அதைக் கிளறிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே கைப்பேசியை அணைத்து வைத்தால் மட்டும் பசி ஆறிவிடாது.

மற்ற எழுத்தாளர்களுக்கு இந்தப் பயம் பொறாமையாக வரும். வந்தால் பொறாமை என்று அவர்களுக்கே தெரியும். எங்களுக்கு அது பக்தியாக வருகிறது. ‘கர்த்தர் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார், நான்தான் நுழையாமல் நிற்கிறேன்’ என்று தோன்றுகிறது. ‘இந்த வாரம் வீடியோ போடவில்லை என்றால் எத்தனை ஆத்துமாக்களுக்கு நான் கணக்குக் கொடுக்க வேண்டும்’ என்று மனம் குடைகிறது. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியக்காரனின் உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எழுதாமல் போன ஒவ்வொரு நாளும் குழி தோண்டிய நாளாகவே கண்ணுக்குத் தெரியும். ஊழியம், அபிஷேகம், சாட்சி, ஆத்தும ஆதாயம் என்று சபையில் புழங்கும் நல்ல சொற்கள் எல்லாம் இந்தப் பதற்றத்துக்கு ஆடையாகிவிடுகின்றன. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பதும் கண்டிப்பதும் கடினமாக இருக்கிறது. புகழாசை என்று ஒருவரைச் சுட்டிக்காட்டலாம். ஆத்தும பாரம் என்று சொல்கிறவரிடம் என்ன பேச முடியும்?

அதே உவமையைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். எஜமான் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. அவனவன் திறமைக்குத் தக்கபடி கொடுத்தான் என்று மத்தேயு வெளிப்படையாகவே எழுதுகிறார். இரண்டாவது, ஐந்து தாலந்துக்காரனுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்கும் கிடைக்கும் பாராட்டு ஒன்றுதான், வார்த்தை மாறாமல் அதே பாராட்டு. இரண்டு தாலந்துக்காரன் பக்கத்தில் நின்ற ஐந்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதாகக் கதையில் இல்லை. பிரசங்கங்களில் நாம் ஒரு தாலந்துக்காரனையே அடிக்கிறோம். இந்த இரண்டு தாலந்துக்காரனைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் மிகக் குறைவு. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு தாலந்து வகை.

இராயபுரத்தில் துறைமுகப் படகுக்காரர்கள் எழுப்பிய ஆலயம் இராயப்பர் என்ற பேதுருவின் பெயரில் இருக்கிறது. அலையை மீறிப் படகு தள்ளிச் சரக்கு இறக்கிப் பிழைத்தவர்கள், மீனவரான பேதுருவைத் தங்களவராக எடுத்துக்கொண்டது இயல்பு. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இந்தப் பேதுருவுக்கும் நம் நோய் பிடிக்கிறது. கரையில் மீன் சுட்டுச் சாப்பிட்டாயிற்று. மந்தையை மேய்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தாயிற்று. எப்படிச் சாவார் என்பதும் குறிப்பாகச் சொல்லப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் இன்னொரு சீடரைக் கண்டு, இவருக்கு என்ன கிடைக்கும் என்று விசாரிக்கிறார். அது உனக்கு எதற்கு, நீ என் பின்னால் வா என்ற பொருளில் பதில் வருகிறது. பின்னால் வந்த அந்தச் சீடர் யோவான் என்பது திருச்சபையின் மரபு. அந்தச் சுவிசேஷத்தை எழுதியவரும் அவரே என்பது மரபு. ஒரு எழுத்தாளனைப் பார்த்துத்தான் பேதுருவுக்கு அந்தக் கேள்வி எழுந்தது என்று எண்ணும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

வேதம் நோயைச் சொல்லிவிட்டது. நோயோடு எப்படி எழுதுவது என்று அறிய தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே எனக்குப் புலப்பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நிலைத்த நூல்கள் பலவும் எண்ணிவிடக்கூடிய வாசகர்களுக்குக் கட்டுப்பட்டு எழுதப்பட்டவை. எல்லாருக்குமாக எழுத வேண்டும் என்ற சுமை அவற்றை எழுதியவர்களிடம் இல்லை.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை முதலில் சொல்ல வேண்டும். 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கிறிஸ்தவத்தின் மேல் மதிப்பு எதுவும் இல்லை. மனம் மாறி 1858இல் சென்னைக்கு வந்து திருமுழுக்குப் பெற்றார். அந்நாளைய சென்னை தமிழ் அச்சு உலகத்தின் தலைநகரம். பெர்சிவல் பாதிரியார் நடத்திய ‘தினவர்த்தமானி’ இதழில் அவருக்கு வேலையும் கிடைத்தது. இன்றைய கணக்கில் சொன்னால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார். ஆனாலும் தெற்கே திரும்பினார். பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

அங்கிருந்துதான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வந்தது. ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட கதையின் தமிழ் உருவம். ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் நம் சபைகள் அறிந்திருக்கும் அதே கதை. பனியன் விலக்கி வைக்கப்பட்டவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தவர். அவர் கதையில் பயணிகள் ஒரு சந்தையைக் கடக்க வேண்டும். வீடு, நிலம், பட்டம், பதவி, மானமரியாதை எல்லாம் அங்கே விற்பனைக்கு இருக்கும். அந்தச் சந்தைக்குள் காலை வைக்காமல் நகரத்துக்குப் போக வழியில்லை என்று பனியன் அமைத்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒதுங்கிப் போகச் சுற்றுப்பாதை கிடையாது.

கிருஷ்ண பிள்ளை இந்தக் காவியத்தை ஒரே மூச்சில் எழுதி நூலாக்கவில்லை. 1878 முதல் 1892 வரை ‘நற்போதகம்’ என்ற மிஷன் மாத இதழில் பகுதி பகுதியாக வந்தது. நூலாக அச்சேறியது 1894இல். அவர் இறந்தது 1900இல். மொத்தம் 3,776 பாடல்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியாக மாதத்துக்கு இருபது சொச்சம் விருத்தங்கள் வருகின்றன. மாதம் இருபது விருத்தம் என்பது வேலைக்குப் போகிற ஒருவரால் செய்ய முடிகிற அளவு. பகலில் வகுப்பு, மாலையில் ஒன்று, சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை, மாதக் கடைசியில் கட்டு அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். அந்த இதழைப் படித்தவர்கள் யார்? நெல்லைத் திருச்சபைக் கிராமங்களின் உபதேசிமார், பள்ளிக்கூட வாத்தியார்கள், அவர்கள் வாசிக்கக் கேட்ட வீட்டார். கம்பனின் யாப்பு நயத்தை எடைபோடும் மகாவித்துவான்கள் அங்கே அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தும் அந்த உபதேசிமாருக்காக அவர் யாப்பைத் தளர்த்தவில்லை. சின்னச் சபை என்பதற்காகச் சில்லறையாக எழுதவில்லை என்பதுதான் அவரிடம் என்னை அதிகம் கவர்கிறது.

காவியத்தைக் கையில் எடுத்தபோது அவருக்கு ஐம்பது வயது. சென்னையில் அவர் காலத்தவர்கள் நூல் மேல் நூலாக அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குள் என்ன ஓடியது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் பலத்தை ஊகிக்காமலே பார்க்கலாம். அடுத்த மாதம் இதழ் வரும், படலம் பாதியில் நிற்கிறது, ஊரில் யாரோ காத்திருக்கிறார்கள். பிஷிபில்ஸ்கி சொன்ன மூன்று பசிக்கும் அந்த மாத இதழ் சோறு போட்டது. கற்ற கம்பனை முழுதாகப் பயன்படுத்தும் வேலை, தானே தெரிந்தெடுத்த கதை, தெரிந்த முகங்கள்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் சென்னை வேப்பேரியில் இன்னொருவர் இருந்தார். ஜெர்மானியரான யோகான் பிலிப் பப்ரிசியுஸ் 1740இல் தரங்கம்பாடி வந்து 1742 முதல் சென்னை மிஷனைப் பார்த்துக்கொண்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய தமிழ் வேதாகமத்தை எடுத்துத் திருத்தவும் பிறகு புதிதாக மொழிபெயர்க்கவும் ஆரம்பித்தார். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சென்னைக்காக அடித்துக்கொண்ட காலம். போர் நெருங்கும்போதெல்லாம் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். 1761இல் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்து கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. அதில் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் அச்சானது. அவருடைய பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிந்ததோ 1791இல் அவர் இறந்த பிறகுதான். லூத்தரன் சபைகள் அந்த மொழிபெயர்ப்பைப் பொன் திருப்புதல் என்று போற்றி இருபதாம் நூற்றாண்டிலும் கையில் வைத்திருந்தன. தங்கள் ஆராதனையில் வாசிக்கப்படும் வசனம் என்று ஞாயிறுதோறும் கேட்கப்போகும் ஒரு சபைக்காக ஒருவர் ஆயுளைக் கொடுத்ததன் பலன் அது.

ஆனால் பப்ரிசியுஸின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்து அவரைப் புகழ்வது சரியல்ல. பிறர் அவரை நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. முதுமையில் கடனுக்காகச் சிறை சென்றார். வேதாகமத்தில் ஒரு வினைச்சொல்லுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வந்த அதே மனிதர் பண விஷயத்தில் அவசரப்பட்டு ஏமாந்தார். பொறுமை என்பது ஒருவருக்கு எல்லாத் துறையிலும் ஒருசேரக் கிடைப்பதில்லை. எழுத்து மேஜையில் அமைதியாக இருக்கக் கற்றவர் வெளியே எங்கோ ஆட்டம் காணலாம். எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்லும் நூல்கள் இதைச் சொல்வதில்லை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கத்தோலிக்கர், முன்சீப் வேலை, 1859இல் ‘நீதிநூல்’, 1872இல் வேலையிலிருந்து ஓய்வு, 1879இல் தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அவரிடம் நான் கவனிப்பது நட்பு. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மேல் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். கோபாலகிருஷ்ண பாரதி இவருக்கு நெருங்கியவர். மதம் குறுக்கே நிற்காத ஒரு சிறிய நண்பர் வட்டம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து கேட்கும் வட்டம், மாயூரத்தில் இருந்தது. சென்னையை எட்டிப் பார்த்து அவர் ஏங்கத் தேவையிருக்கவில்லை.

எங்கள் வட்டாரத்துக்கு வந்தால் திருவொற்றியூரை விட்டுவிட முடியாது. இராமலிங்க அடிகள் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்க் கோவிலுக்கு நடந்து நடந்து பாடியவர். எழுத்தை அச்சிட அவசரப்படாதவர். நண்பர் இறுக்கம் இரத்தின முதலியார் கடிதம் மேல் கடிதம் எழுதிக் கெஞ்சிய பிறகே பாடல்களைக் கொடுத்தார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பில் ‘திருவருட்பா’ வெளிவந்தது. தன் பெயரோடு சாமி என்று சேர்த்து அச்சிடுவது ஆரவாரமாகப் படுகிறது, வேண்டாம் என்று அவர் கடிதம் எழுதியதும் பதிவாகியிருக்கிறது. மாத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், நாம் இன்று பஸ்ஸில் போகும் ஊரில், வெளியீட்டுக்குத் தயங்கிய ஒரு கவிஞர் பாடினார். அவருடைய பாடல்களைத் தேடி அலைந்தது வாசகர். நாம் இன்று வாசகரைத் தேடி அலைகிறோம். அடிகளைப் போல எல்லாரும் தயங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வாய்த்த இரத்தின முதலியார் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு இரத்தின முதலியார் இருந்தால் போதும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

இந்த நோய் கைப்பேசியோடு வந்ததல்ல என்பதற்கு இன்னும் பழைய சாட்சி எகிப்தியப் பாலைவனத்தில் இருக்கிறது. எவாக்ரியுஸ் 399இல் இறந்த துறவி. அதற்கு முன் கான்ஸ்டான்டினோபிள் என்ற பேரரசின் தலைநகரத்தில் பேர் வாங்கிய திருத்தொண்டர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலைவனத்தில் ஒரு சிற்றறையில் இருந்து கொண்டு, கையெழுத்துப் பிரதிகளை நகலெடுத்துக் கொடுத்துச் சாப்பிட்டவர். ஆகவே அவரும் எழுத்து வேலைக்காரர். முற்பகலில் தொடங்கிப் பிற்பகல்வரை துறவியைப் பிடிக்கும் ஒரு சோர்வைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. துறவி ஜன்னலை ஜன்னலைப் பார்க்கிறார். அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளக்கிறார். சகோதரர்கள் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறார். பிறகு இந்த இடமே பிடிக்காமல் போகிறது, கைவேலை கசக்கிறது, வேறு எங்காவது போனால் நன்றாக ஊழியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. வேறிடத்து ஊழியம் என்ற அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பயம் பக்தியின் சொற்களை எடுத்துக்கொள்கிறது. இதை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதி வைத்தவரைப் படிக்கும்போது நாம் தனியாக இல்லை என்று தெரிகிறது.

எவாக்ரியுஸ் சொல்லும் மருந்து அறையை விட்டு நகராதே என்பதுதான். வந்த எண்ணத்தைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு, கையில் இருக்கும் வேலையைத் தொடர்வது. இதற்குப் பக்கத்தில் ஓர் அண்மைக்கால ஆய்வை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினர் மூன்று சமூக ஊடகங்களுக்கும் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடம்தான் செலவிட வேண்டும் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தினார்கள். அவர்களுடைய தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் பின்தங்கும் பயமும் பதற்றமும் கட்டுப்படுத்தப்படாத குழுவிலும் குறைந்தன. தாங்கள் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்று கவனித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எழுதுகிற எவரும் இதைச் செய்து பார்க்கலாம்: யாருடைய எந்தச் செய்தியைப் பார்த்தபோது நெஞ்சு சுருங்கியது என்று தேதியோடு ஒரு நோட்டில் குறிப்பது. அதோடு சங்கீதம் 73ஐ வாசிப்பது. அதைப் பாடியதாகச் சொல்லப்படும் ஆசாப் தேவாலயப் பாடகர், தொழில்முறைக் கவிஞர். பிறருடைய செழிப்பைப் பார்த்துத் தன் கால் சறுக்கப் போனதை மறைக்காமல் சொல்லியே அந்தப் பாடலைத் தொடங்குகிறார். பொறாமையைப் பாடலின் முதல் வரிகளிலேயே ஒப்புக்கொள்ளும் துணிவு நம் காலத்து ஊழிய எழுத்தில் அரிது.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வட்டத்துக்கு எழுதியவர்களை வரலாறு சின்ன அறையில் வைத்துவிடுகிறது. கிருஷ்ண பிள்ளையைக் கிறிஸ்தவக் கம்பர் என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டே அவரைத் தமிழ்க் காவிய வரிசையிலிருந்து பிரித்துத் தனியே உட்கார வைக்கிறது. இலக்கிய வரலாற்று நூல்களில் கிறிஸ்தவ இலக்கியம் என்ற தலைப்பின் கீழ் அவர் வருகிறார், பாடநூலில் சில பாடல்களாக வருகிறார், முழு நூலையும் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பொது இலக்கிய உலகம் வேதத்தின் வாசம் வந்தாலே பிரசாரம் என்று முகம் திருப்புவதும், சபை உலகம் வசன எண் இல்லாத பக்கத்தைக் கண்டால் இது உலகப்பிரகாரமானது என்று ஒதுக்குவதும் உண்மை. இரண்டு வாசலிலும் நிற்க வைக்கப்படுகிறவரின் பயத்தை வெறும் மனப்பிரமை என்று நான் தள்ள மாட்டேன். உண்மையாகவே சில விருந்துகளுக்கு நமக்கு அழைப்பு வராது.

அந்த நிலையிலிருந்தும் எழுத்து வந்திருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையில் சேசு சபையினர் நடத்திய ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. பெரிய இலக்கியப் பதிப்பகம் எதுவும் அதைக் கொண்டுவரவில்லை. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, வேலையும் தங்குமிடமும் இல்லாமல் நின்ற ஒரு தலித் கிறிஸ்தவப் பெண், தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதிய நூல். திருச்சபைக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரை யாரும் அப்படி எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்த பிறகு இழக்கப் பயப்பட ஒன்றுமில்லாத கை எழுதியது அது. பிறகு ஆங்கிலத்துக்குப் போனது, பரிசு பெற்றது என்பதெல்லாம் நாம் அறிந்த கதை.

இப்போது எங்கள் ஊரைப் பார்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகம்வரை போனது. காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் படகு, வலை, நண்டு, இறால் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பிசுக்கு. மீனவர்களே பக்கெட்டில் மொண்டு மொண்டு எண்ணெயை எடுத்தார்கள். அது கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தப்படும் காலம். அந்தக் கரையில் அந்த ஆண்டு என்ன ஜெபம் ஏறியது, கேரல் பாடப் போனவர்கள் எந்த வீட்டு வாசலில் என்ன சொல்லிப் பாடினார்கள், எண்ணெய் நாறும் கையோடு நற்கருணை வாங்கியவருக்கு மனம் எப்படி இருந்தது? அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த கிறிஸ்தவ இதழ்களில் நான் பார்த்தவற்றில் மாட்டுத்தொழுவமும் நட்சத்திரமும் இருந்தன, எண்ணூர் இல்லை. நந்தனத்து மேடையிலிருந்து இதை எழுத முடியாது. சுத்திகரிப்பு ஆலையின் சுடர் இரவெல்லாம் ஜன்னலில் தெரியும் வீட்டிலிருந்து, காலையில் மீன் வாங்கப் போகும்போது அந்தப் பெண்களிடம் விலை பேசுகிறவர்களால் எழுத முடியும். கொற்கையையும் உவரியையும் எழுதிய ஜோ டி குரூஸ் சென்னையில் கப்பல் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தபடியே தன் கடற்கரையை எழுதினார். 2013இல் சாகித்திய அகாதெமி விருது ‘கொற்கை’க்குக் கிடைத்தது. எண்ணூருக்கு அப்படி ஒருவர் வர வேண்டும். வருகிறவர் ஷிப்ட் முடித்து எழுதுகிற எங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆசை மட்டும் போதாது. எழுதக் கட்டாயப்படுத்தும் ஓர் ஏற்பாடு வேண்டும். ‘நற்போதகம்’ கிருஷ்ண பிள்ளைக்குச் செய்ததை இன்றைய சபை இதழ்கள் செய்வதில்லை. கிறிஸ்துமஸ் சிறப்பிதழ், உயிர்த்தெழுதல் சிறப்பிதழ், ஆண்டுவிழா மலர் என்று வரும்போது மட்டும் எழுத்தாளரைத் தேடுகிறார்கள். முக்கால் பக்கம், இரண்டு நாள் அவகாசம். மீதி மாதங்களில் புகைப்படங்களும் அறிக்கைகளும். இதழாசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் சபையில் எழுதக்கூடியவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மாதம் இரண்டு பக்கம் அவருக்கு என்று ஒதுக்குங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்தாமல் மூன்று ஆண்டுக்கு ஒதுக்குங்கள். இத்தனாம் தேதிக்குள் கையெழுத்துப் பிரதி வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். எழுதியதை இதழ் வந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் வராந்தாவில் உட்கார்ந்து நாலு பேர் வாசித்துக் கேளுங்கள், பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மாத்தூரில் இதை யாராவது தொடங்கினால் முதல் ஆண்டுக்கான பக்கங்களை எண்ணூர்க் கரையில் வலை பின்னும் பெண்களின் சாட்சிகளுக்குக் கொடுக்கலாம். கேட்டு எழுதி வர நான் தயார்.